வயதான நாய்க்கு இரத்தத்தில் கல்சியம் கூடினால்: கத்தி வைக்காமல் என்ன செய்யலாம்?

நாய்க்குப் பத்து வயது தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாகச் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கிறது, இரவில் வெளியே போகக் கதவைச் சுரண்டுகிறது, சோற்றைக் கண்டால் முன்பு போல ஓடி வருவதில்லை. வயசுதானே என்று விட்டுவிடாமல் மிருக வைத்தியரிடம் காட்டி இரத்தம் பார்த்தால் சீனி சரி, ஈரல் சரி, ஆனால் கல்சியம் கூடிக் கிடக்கிறது. கழுத்தில் ஒரு சுரப்பியில் சின்னக் கட்டி இருக்கலாம், ஒப்பரேஷன் தேவைப்படலாம் என்று டொக்டர் சொல்கிறார். பன்னிரண்டு வயது நாயை மயக்கிக் கழுத்தை வெட்டுவதா, அதுவும் மட்டக்களப்பிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ கண்டிவரை கொண்டுபோயா என்று வீட்டில் எல்லோரும் யோசிக்கிறார்கள். மருந்தாலேயே பார்க்க முடியாதா?

நியாயமான கேள்வி. பல நாய்களுக்கு முடியும். சில நாய்களுக்கு ஒப்பரேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் அவற்றுக்கு இருக்கும் நோய் மருந்தால் மட்டுமே பார்க்கக்கூடியது. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பரேஷன் வேண்டாம் என்று முடிவெடுப்பது உங்கள் உரிமை, பரிசோதனையும் வேண்டாம் என்று சேர்த்து முடிவெடுத்தால் எந்த மருந்து கொடுப்பது என்று யாருக்கும் தெரியாமல் போகும். கல்சியம் கூடுவது ஒரு நோயின் அடையாளம், அந்த நோய் எது என்று தெரிந்தால்தான் கத்தி இல்லாத வழி எது என்றும் தெரியும்.

கல்சியம் எங்கிருந்து கூடுகிறது

உடம்பிலுள்ள கல்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சிறிய பங்கு, ஆனால் இதயம் துடிப்பதும் தசை சுருங்குவதும் நரம்பு வேலை செய்வதும் அந்தச் சிறிய பங்கை நம்பித்தான் நடக்கின்றன, அதனால் உடம்பு அதைக் கூடவும் விடாது, குறையவும் விடாது. இந்தக் காவல் வேலையைப் பார்ப்பவை கழுத்தில் தைரொயிட் சுரப்பியை ஒட்டி இருக்கும் நான்கு குட்டிச் சுரப்பிகள். பரதைரொயிட் என்று பெயர். கல்சியம் குறைந்தால் இவை ஒரு ஹோர்மோனை விடும். அது எலும்பிலிருந்து கல்சியத்தை இறக்கும், மூத்திரத்தோடு போகவிடாமல் சிறுநீரகத்தில் மறித்து வைக்கும், விற்றமின் டியைத் தூண்டிக் குடல் வழியாகவும் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். அளவு சரியானதும் சுரப்பி அடங்கிவிடும்.

மட்டக்களப்பு வாவியை நினைத்துப் பாருங்கள். மாரியில் வாவி ஏறுவது அதற்கு நேர் மேலே பெய்யும் மழையால் மட்டும் அல்ல, மேற்கே இருந்து ஆறும் குளமும் கொண்டுவந்து கொட்டும் வெள்ளம்தான் பெரிது, முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தால் ஏறிய தண்ணீர் இறங்கவும் இறங்காது. நாயின் கணக்கில் சாப்பாடு அந்த நேர் மழை, எலும்பு மேற்கு வெள்ளம், சிறுநீரகம் முகத்துவாரம். ஆகவே எலும்பும் மீன் தலையும் போடுவதை நிறுத்தி ஒரு மாதமாயிற்று, ஏன் இன்னும் இறங்கவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். நல்ல உடம்புள்ள நாய் தினமும் எலும்பு கடித்தாலும் அதனால் மட்டும் இரத்தக் கல்சியம் இப்படி ஏறாது. ஏறியிருந்தால் உள்ளே வேறு ஏதோ எலும்பைக் கரைக்கிறது, அல்லது வெளியே போகும் வழி அடைபட்டிருக்கிறது, சில வேளை இரண்டும்.

தண்ணீர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். மூத்திரத்தைச் சுண்டவைத்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்லி மூளையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஒரு ஹோர்மோன் வரும். கல்சியம் கூடினால் சிறுநீரகத்துக்கு அந்த ஹோர்மோன் சொல்வது கேட்காது. தண்ணீர் அப்படியே மூத்திரமாக இறங்குகிறது, அதை ஈடுகட்டத்தான் நாய் ஓயாமல் குடிக்கிறது. வீட்டை நனைக்கிறதே என்று இரவில் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்தால் நாய் காய்ந்துபோகும், காய்ந்தால் கல்சியம் இன்னும் ஏறும், சிறுநீரகம் அடிவாங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதற்கு ஒரு இரவு போதும்.

ரிப்போட்டில் என்ன பார்ப்பது

வளர்ந்த நாய்க்கு மொத்தக் கல்சியம் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 9 முதல் 11.5 மில்லிகிராம் வரை இருக்கும், லெப்புக்கு லெப் எல்லை சற்று மாறும். சில ரிப்போட்டுகளில் மில்லிமோல் கணக்கில் 2.9, 3.2 என்று இருக்கும், அதை நான்கால் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். மனிதருக்கான லெப்பில் நாயின் இரத்தத்தைக் கொடுத்திருந்தால் கவனம். பக்கத்தில் அச்சடித்திருக்கும் எல்லை மனிதருடையது, அது நாயினதை விடக் கீழே நிற்கும், 11 என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் கூடுதல் என்று குறி விழுந்திருந்தாலும் நாய்க்கு அது சாதாரணமாக இருக்கலாம்.

ஒரு முறை கூடியது என்றவுடன் பதற வேண்டாம், இன்னொரு முறை பார்க்க வேண்டும். சாப்பிட்ட கையோடு எடுத்த இரத்தத்தில் கொழுப்பு மிதந்தாலோ, எடுக்கும்போது இரத்தம் உடைந்திருந்தாலோ, நாய் தண்ணீர் வற்றி இருந்தாலோ இலக்கம் பொய்யாக ஏறும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கொடுக்காமல், தண்ணீர் மட்டும் தாராளமாக விட்டு, காலையில் திரும்ப எடுப்பது நல்லது.

அப்புறம், மொத்தக் கல்சியம் என்பது ஒரு கலவை. ஏறத்தாழப் பாதி புரதத்தோடும் வேறு உப்புகளோடும் கட்டுண்டு கிடக்கும், மற்றப் பாதிதான் சுதந்திரமாக ஓடி வேலை செய்வது. அயன் நிலைக் கல்சியம் என்று சொல்வது இந்தப் பாதியைத்தான். நாய்க்கு அது லீற்றருக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.4 மில்லிமோல் வரை. சிறுநீரகம் பழுதான நாய்களில் மொத்தம் கூடியும் இந்த ஓடும் பங்கு சரியாகவும் இருப்பது அடிக்கடி நடக்கிறது, அப்படியானால் கல்சியத்தை இறக்க மருந்து கொடுப்பதே தேவையற்றது. ஆகவே முடிந்த இடத்தில் இதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தத்தைக் காற்றுப் படாமல் எடுத்து விரைவாகப் பார்க்க வேண்டிய பரிசோதனை என்பதால் எல்லா இடத்திலும் இது சுலபம் அல்ல.

கல்சியத்துக்குப் பக்கத்திலேயே பொஸ்பரஸ் என்ற வரியையும் பாருங்கள். என்னைக் கேட்டால் பாதிக் கதை அந்த வரியில்தான் இருக்கிறது. கல்சியம் ஏறி பொஸ்பரஸ் தாழ்ந்திருந்தால் பரதைரொயிட் கட்டி அல்லது சில புற்றுநோய்களின் பக்கம் சந்தேகம் போகும். இரண்டும் ஏறியிருந்தால் விற்றமின் டி அளவுக்கு மீறியதையோ சிறுநீரகப் பழுதையோ நினைக்க வேண்டும், ஆபத்தும் கூட. மில்லிகிராம் கணக்கிலுள்ள அந்த இரண்டு இலக்கங்களையும் பெருக்கி வருவது 60, 70ஐத் தாண்டினால் கல்சியம் சிறுநீரகத்திலும் மற்ற உறுப்புகளிலும் படியத் தொடங்கும் என்பது வைத்தியர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு கணக்கு. கல்சியம் 13, பொஸ்பரஸ் 3 என்றால் 39, கொஞ்சம் மூச்சு விடலாம். அதே 13, பொஸ்பரஸ் 7 என்றால் 91. காத்திருக்க நேரமில்லை.

ஏன் கூடியது

வயதான நாயில் முதலில் தேடவேண்டியது புற்றுநோய். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் நாய்களில் கல்சியம் ஏறுவதற்கு அதுதான் முன்னணிக் காரணம். அதிலும் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். சில கட்டிகள் பரதைரொயிட் ஹோர்மோனைப் போலவே வேஷம் போடும் ஒரு பொருளைச் சுரந்து எலும்பைக் கரைக்கின்றன. தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னால் கையை வைத்துத் தடவிப் பாருங்கள், உருண்டையாக ஏதாவது தட்டுப்பட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு இடம் குதம். குதவாசலின் இரு பக்கமும் இருக்கும் வாசனைப் பைகளில் வரும் புற்றுக்கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே கல்சியத்தை ஏற்றிவிடும். கையுறை போட்டு விரலை உள்ளே விட்டுப் பார்ப்பதுதான் அதற்குப் பரிசோதனை, காசும் பெரிதாகப் போகாது, மெஷினும் தேவையில்லை. கல்சியம் ஏறிய நாய்க்கு இதைச் செய்யாமல் பெரிய ஸ்கேனுக்கு அனுப்புவது எனக்கு விளங்காத காரியம்.

இரண்டாவது, பரதைரொயிட் சுரப்பியிலேயே வரும் கட்டி. பெரும்பாலும் ஒரே ஒரு சுரப்பியில், பெரும்பாலும் தீங்கற்ற கட்டி, சில மில்லிமீற்றர் அளவு. கழுத்தைத் தடவினால் தெரியாது, நல்ல ஸ்கேன் மெஷினும் பழகிய கையும் வேண்டும். சராசரியாக 11 வயதை ஒட்டி வரும், எந்த இனத்திலும் வரலாம், கீஸ்ஹொண்ட் என்ற இனத்தில் பரம்பரையாக வருகிறது. இந்த நாய்கள் பார்வைக்குப் பெரிய நோயாளிகளாக இருக்காது, வேறு எதற்கோ இரத்தம் பார்க்கும்போதுதான் மாட்டுப்படும். மூத்திரப்பையில் கல்லும் கிருமித் தொற்றும் இவற்றில் அடிக்கடி வரும், ஆகவே நாய் துளித் துளியாக மூத்திரம் போனால் அதையும் சொல்லுங்கள்.

மற்றவை விரைவாக. சிறுநீரகத்துக்குப் பக்கத்திலுள்ள அட்ரீனல் சுரப்பி சோர்ந்துபோகும் அடிசன் நோயில் கணிசமான நாய்களுக்குக் கல்சியம் ஏறும், கூடவே பொட்டாசியம் ஏறி சோடியம் இறங்கியிருக்கும், குறைந்துபோன ஹோர்மோனுக்கு ஈடாக மருந்து கொடுத்தால் கல்சியம் தானாக இறங்கிவிடும். சிறுநீரகப் பழுது ஒன்று. உள்ளே பங்கசு போன்ற நாட்பட்ட தொற்று இன்னொன்று. கடைசியாக விற்றமின் டி நஞ்சு, அதற்குக் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சில எலி மருந்துகளில் இருப்பது விற்றமின் டிதான், மிகப் பெரிய அளவில். வயல் ஓரத்திலோ அரிசி மூட்டை அடுக்கிய அறையிலோ வைத்த எலி மருந்தை நாய் தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுங்கள், பெயரைப் பார்த்தால் டொக்டர் வழியைத் தீர்மானிப்பார். சொரியாசிஸுக்குப் பூசும் சில களிம்புகளிலும் விற்றமின் டியின் உறவுக்காரப் பொருள் இருக்கிறது, பூசிய காலை நாய் நக்கினாலும் ரியூப்பைக் கடித்தாலும் விபரீதம். வீட்டிலுள்ள விற்றமின் டி குளிசை, கொட் ஈரல் எண்ணெய், கல்சிய சிரப் எல்லாம் இதே பட்டியலில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வயதான நாய் நொண்டினால் எலும்பு தேய்ந்துவிட்டது என்று நாமே பார்மசியில் கல்சியமும் விற்றமின் டியும் கலந்த குளிசை வாங்கிக் கொடுப்போம். கல்சியம் கூடிய நாயும் தளர்ந்துதான் நடக்கும். தளர்ச்சிக்கு மருந்து என்று நினைத்துக் கொடுப்பது தளர்ச்சியையே கூட்டும்.

கத்தி இல்லாத வழிகள்

கல்சியம் 12, 13 என்று இருந்து, நாய் சாப்பிட்டு நடந்து திரிந்தால் யோசிக்க அவகாசம் இருக்கிறது. 15ஐத் தாண்டினாலோ, நாய் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டாலோ முதல் வைத்தியம் சேலைன். சாதாரண உப்புச் சேலைன்தான் இதற்கு விரும்பப்படுவது, அதிலுள்ள சோடியம் மூத்திரத்தில் வெளியேறும்போது கல்சியத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகும். வேறு சில சேலைன்களில் சிறிதளவு கல்சியமே கலந்திருக்கும். நாய்க்குத் தண்ணீர் ஊறிய பிறகு புரோசமைட் ஊசி போட்டு இன்னும் இறக்குவார்கள். இந்த ஒழுங்கு முக்கியம், முதலில் தண்ணீர், பிறகுதான் மூத்திரம் போக்கும் மருந்து. அம்மம்மாவின் மருந்துப் பெட்டியில் லாசிக்ஸ் (அதுவும் புரோசமைட்தான்) இருக்கிறதே என்று நீங்களே ஒன்றைக் கொடுத்தால் வற்றிய நாய் இன்னும் வற்றும். பிரஷருக்குக் கொடுக்கும் தயசைட் வகைக் குளிசை அதைவிட மோசம், அது கல்சியத்தை மூத்திரத்தில் போகவிடாமல் பிடித்துவைக்கும்.

அடுத்தது ஸ்டீரொயிட். பிரெட்னிசொலோன் மலிவு, எங்கும் கிடைக்கும், பல காரணங்களால் ஏறிய கல்சியத்தை நன்றாக இறக்கும். குடலில் உறிஞ்சுவதைக் குறைக்கும், எலும்பு கரைவதைக் குறைக்கும், சிறுநீரகம் வழியாக வெளியேற்றும். அடிசனுக்கும் விற்றமின் டி நஞ்சுக்கும் கைகொடுக்கும். பரதைரொயிட் கட்டிக்கு மட்டும் பெரிதாக உதவாது. ஆனால் காரணம் தெரியமுதல் இதைத் தொடங்கக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே நிற்பேன். லிம்போமா இருந்தால் ஸ்டீரொயிட் பட்டவுடன் கட்டிகள் சுருங்கிவிடும், பிறகு ஊசி குத்தி எடுத்துப் பார்த்தாலும் நோய் பிடிபடாது, நாயும் தேறிவிட்டது போலத் தெரியும், சில வாரங்களில் நோய் திரும்பி வரும்போது கீமோ மருந்துக்கு அது முன்போல அடங்காது. நம் பக்கத்தில் நாய் சொறிகிறது என்றாலே ஒரு ஸ்டீரொயிட் ஊசி போடுவது வழக்கம், ஆகவே அண்மையில் சொறிக்கோ காதுக்கோ ஏதாவது ஊசி போட்டிருந்தால் அதையும் டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எலும்பு கரைவதையே நிறுத்தும் மருந்துகள் உள்ளன. மனிதருக்கு எலும்புத் தேய்வுக்கும் எலும்பில் பரவிய புற்றுக்கும் கொடுக்கும் அதே குடும்பம். பமிட்ரோனேற் சேலைனில் கலந்து ஏறத்தாழ 2 மணித்தியாலம் மெதுவாக ஏற்றுவது, ஸோலெட்ரோனேற் 15 நிமிடத்தில் முடிவது. ஓரிரு நாளில் கல்சியம் இறங்கத் தொடங்கும், ஒரு தடவை போட்டால் சில வாரங்களுக்குத் தாங்கும், தேவைப்பட்டால் திரும்பப் போடலாம். சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் போடவேண்டும், ஏனென்றால் அவசரமாக ஏற்றினாலோ அளவு கூடினாலோ அங்கேதான் கைவைக்கும். புற்றுநோய் காரணமாகி, வீட்டார் கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்தால், நாய் கொஞ்சக் காலம் சாப்பிட்டு, வாலாட்டி, வலியில்லாமல் இருக்க இந்த மருந்து பெரிய துணை. நோயை மாற்றாது, கல்சியத்தால் வரும் துன்பத்தை மாற்றும். இதே குடும்பத்தில் வாரத்துக்கு ஒன்று விழுங்கும் அலென்ட்ரோனேற் குளிசை பல வீடுகளில் பெரியவர்களுக்கு இருக்கிறது. அதை எடுத்து நாய்க்குக் கொடுக்காதீர்கள், தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

கல்சிடோனின் ஊசி சில மணித்தியாலங்களிலேயே இறக்கும், ஆனால் சில நாளில் உடம்பு அதற்குப் பழகிவிடும், அதனால் அவசரத்துக்கு மட்டும்.

இனி பரதைரொயிட் கட்டிக்கு. இதற்கு வெட்டாமல் செய்யும் ஒரு முறை இருக்கிறது, கழுத்தை ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைக் கட்டிக்குள் விட்டுச் செறிந்த எதனோலை (மதுசாரத்தை) செலுத்துவது, அல்லது ஊசி முனையைச் சூடாக்கி அந்தத் திசுவைக் கருக்குவது. மயக்கம் தேவைதான், ஆனால் வெட்டுக் காயம் இல்லை. வெப்ப முறையில் பத்து நாய்களில் ஏறத்தாழ ஒன்பதுக்குப் பலன், எதனோலில் ஏழு எட்டுக்கு, ஒப்பரேஷனில் ஒன்பதுக்குச் சற்று மேல். பக்கத்தில் ஓடும் குரல் நரம்பு பாதிக்கப்பட்டால் குரைக்கும் சத்தம் மாறலாம். இதற்கான ஆளும் மெஷினும் உள்ள இடம் எது என்பதை உங்கள் வைத்தியரிடம் கேட்டுத்தான் போகவேண்டும்.

கட்டி எடுபட்டாலும் கருகினாலும் பிறகு வரும் சில நாட்கள்தான் முக்கியம். இவ்வளவு காலமும் அந்த ஒரு சுரப்பியே எல்லாவற்றையும் நடத்தியதால் மற்ற மூன்றும் தூங்கிக் கிடக்கும், அவை விழிக்கமுதல் கல்சியம் பாதாளத்துக்குப் போகலாம். முகத்தைத் தேய்ப்பது, தசை துடிப்பது, வலிப்பு, இவை அடையாளம். அப்போது அதே நாய்க்குக் கல்சியமும் விற்றமின் டியும் கொடுப்பார்கள், டொக்டர் குழம்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் பரதைரொயிட் கட்டியில் ஒரு நேர்மையான வழிதான், எனக்கு அதில் மரியாதை உண்டு. இந்தக் கட்டி மெதுவாக வளர்வது, பொஸ்பரஸ் தாழ்ந்தே இருப்பதால் சிறுநீரகமும் நினைக்கிற வேகத்தில் பழுதாவதில்லை. பதின்மூன்று வயது நாய், கல்சியம் 12.5, பசி இருக்கிறது, மூத்திரத்தில் கல் இல்லை என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்சியம், பொஸ்பரஸ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின், மூத்திரம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே அது தன் காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம். பார்ப்பது என்பது உண்மையிலேயே பார்ப்பதாக இருக்க வேண்டும், ஒரு வருடம் மறந்துவிட்டுப் பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த வழியில் சேராது.

குதப் பைக் கட்டிக்கு மட்டும் இப்படி ஆறுதல் சொல்ல முடியவில்லை. அதற்கு வெட்டி எடுப்பதுதான் நல்ல வைத்தியம், மருந்து கல்சியத்தைப் பிடித்து வைக்குமே தவிரக் கட்டியை விட்டுவிடும்.

வீட்டில்

தண்ணீர், எப்போதும், எங்கும். நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, முற்றத்து நிழலில் ஒன்று. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது என்று போத்தலால் அளந்து ஊற்றி எழுதி வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலீற்றரைத் தாண்டினால் அது நோய்த் தாகம், அதாவது 20 கிலோ நாய் 2 லீற்றருக்கு மேல். நம் வெயிலில் நல்ல நாயும் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆணமும் கஞ்சியும் கலந்த சோறு தின்னும் நாய் குறைவாகக் குடிக்கும், அதனால் ஒரு நாள் கணக்கை விட வாரக் கணக்கு நம்பகமானது.

சாப்பாட்டில் பெரிய புரட்சி தேவையில்லை. நாய்க்குச் சோறும் வேகவைத்த மீனும் கோழியும் பிடித்தால் முள்ளும் எலும்பும் எடுத்துக் கொடுங்கள், தண்ணீர்ப் பதமாகக் கொடுங்கள். நெத்தலிக் கருவாடு முள்ளோடு போவதும் பால்மாவும் இப்போதைக்கு வேண்டாம். சிறுநீரகம் பழுதான நாய்க்குச் சாப்பாட்டு ஒழுங்கு வேறு, அதை டொக்டரிடம் கேளுங்கள், அவற்றுக்குப் பொஸ்பரஸைக் கட்டும் மருந்து கொடுப்பதானால் கல்சியம் கலந்ததாக இருக்கக் கூடாது. உப்புச் சேலைன் நல்லது என்றால் சோற்றில் உப்பைக் கூட்டலாமே என்று கேட்காதீர்கள், வயதான நாயின் இதயம் அதற்கு ஒப்பாது.

இளநீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சோர்ந்து கிடக்கும் எதற்கும் இளநீர் வெட்டுவது நம் கை. இளநீரில் பொட்டாசியம் நிறைய. அடிசன் நாய்க்கும் மூத்திரம் சரியாகப் போகாத நாய்க்கும் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறிக் கிடக்கும், மேலும் ஏற்றினால் இதயம் நின்றுவிடவும் கூடும். வெறும் தண்ணீர் கொடுங்கள்.

மலச்சிக்கலும் கல்சியத்தின் வேலைதான், குடல் மந்தமாகும். அதற்கு விளக்கெண்ணெய் ஊற்றுவதை விட டொக்டரிடம் சொல்வது மேல். நாய் இரண்டு வேளைக்கு மேல் வாந்தி எடுத்தாலோ, தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாலோ, தசை துடித்தாலோ, எழும்ப முடியாமல் கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கண்டிக்குப் போவதானால்

நம் பகுதியிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகங்களுக்கு மாடும் ஆடும் கோழியும்தான் பெரும்பாலும் வேலை, ஆனாலும் முதல் ஆலோசனைக்கும் எங்கே அனுப்பலாம் என்று கேட்கவும் அங்கே போவதில் தவறில்லை. பெரிய பரிசோதனைக்கு என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை, நாட்டிலுள்ள ஒரே மிருக வைத்திய பீடம் நடத்துவது. போகமுதல் அழைத்துப் பேசி, எந்தப் பரிசோதனை அங்கே ஆகும், எந்த நாளில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கலடியால் மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று போகும் பாதையில் மகியங்கனைக்குப் பிறகு பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற கொண்டை ஊசி வளைவுகள் வரும். வாந்தி எடுக்கும் நாயானால் அங்கே எடுக்கும், வாந்தியோடு தண்ணீரும் போகும். ஆகவே வெறும் வயிற்றோடு, ஆனால் தண்ணீரோடு, விடியற்காலைக் குளிரில் புறப்படுங்கள், வளைவு தொடங்கமுதல் நிறுத்தி ஒரு தடவை குடிக்கவும் மூத்திரம் போகவும் விடுங்கள். பழைய ரிப்போட்டுகள் எல்லாம், கொடுத்த குளிசைகளின் அட்டைகள், அந்தத் தண்ணீர்க் கணக்கு எழுதிய கொப்பி, காலையில் பிடித்த மூத்திரம் சுத்தமான போத்தலில் கொஞ்சம், இவை கையில் இருக்கட்டும். டொக்டரிடம் கேட்க வேண்டியவை: ஓடும் கல்சியம் எவ்வளவு, பொஸ்பரஸ் எவ்வளவு, குதத்தில் விரல் விட்டுப் பார்த்தாயிற்றா, ஸ்டீரொயிட் தொடங்க முன்னர் இன்னும் எதைப் பார்க்க வேண்டும், ஒப்பரேஷன் இல்லாமல் போனால் அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது, எந்த இலக்கத்தைத் தாண்டினால் நாம் முடிவை மாற்ற வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஒரு இலக்கத்தைச் சொல்லச் சொல்லி அதே கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.